மெயில் டொமைன் தகராறு: அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பது

கும்பகோணத்துப் பாத்திரக் கடை, திருபுவனத்துப் பட்டு ஜவுளிக்காரர், மன்னார்குடி அரிசி ஆலை, பட்டுக்கோட்டையில் தேங்காய் நார் ஏற்றுமதி செய்பவர் என்று டெல்டாவில் இப்போது பலரும் சொந்தப் பெயரில், அதாவது @ குறிக்குப் பின்னால் தங்கள் டொமைன் பெயர் வரும்படி, மெயில் வைத்திருக்கிறார்கள். அது நின்றுபோனால் வருகிற ஃபோன் எல்லாம் "தம்பி, மெயில் வரல" என்றுதான் தொடங்கும். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் இருக்கும். அதனால் கையில் அகப்பட்டதை மாற்றிப் பார்க்கும் முன்னால், என்ன நடக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமிருந்து வரவில்லை, எப்போதிலிருந்து வரவில்லை, போவதாவது போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

நான் மைக்ரோசாஃப்ட் 365-ஐ வைத்து எழுதுகிறேன். அதில் டொமைன்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது: டொமைன் நேம் அட்மினிஸ்ட்ரேட்டர். ஸோஹோ மெயில், கூகுள் ஒர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் இவையேதான். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மெயில் மூன்று இடங்களில் நிற்கிறது. பெயரை வாங்கிய ரிஜிஸ்ட்ரார் ஒன்று. அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் ரெக்கார்டுகளை (வெப்சைட் எங்கே, மெயில் எங்கே என்று உலகத்துக்குச் சொல்லும் குறிப்புகளை) வைத்திருக்கும் நேம்சர்வர் இரண்டாவது. மெயில் பெட்டிகள் இருக்கும் சேவை மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி லாகின். கல்லணை ஷட்டர் ஒருவர் பொறுப்பு, வாய்க்கால் தலைமதகு இன்னொருவர் பொறுப்பு, வயல் மடை மட்டும் உங்கள் கையில் என்பது போலத்தான் இது. டொமைன் அட்மின் என்ற பொறுப்பு திறந்துவிடுவது அந்த மடையை மட்டும். மேலே அடைத்திருந்தால் இங்கே எத்தனை முறை திறந்தாலும் பயனில்லை. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பகுதி, இந்த மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் வந்தவைதான்.

டொமைன் பக்கமே தெரியவில்லை, அல்லது சேர்க்கும் பொத்தான் இல்லை

மைக்ரோசாஃப்ட் 365-இன் நிர்வாகப் பக்கமான அட்மின் சென்டரில் செட்டிங்ஸ் என்பதன் கீழே டொமைன்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணக்குக்குப் பொறுப்பு கொடுக்கப்படவில்லை, அல்லது வேறு கணக்கில் உள்ளே போயிருக்கிறீர்கள். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஒரே பிரவுசரில் ஆடிட்டர் அலுவலகத்துக் கணக்கும் கடைக் கணக்கும் திறந்திருந்தால், பிரவுசர் எதையோ எடுத்துக்கொள்ளும். தனி ஜன்னலில், இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். மேலே வலது மூலையில் நிறுவனப் பெயர் சரியாக இருக்கிறதா என்று படியுங்கள்.

பொறுப்பு இல்லையென்றால் குளோபல் அட்மின் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) ஒருவர் கொடுக்க வேண்டும். யூசர்ஸ், ஆக்டிவ் யூசர்ஸ், உங்கள் பெயர், மேனேஜ் ரோல்ஸ் என்று போய், எல்லாப் பொறுப்புகளையும் விரித்தால்தான் டொமைன் நேம் அட்மினிஸ்ட்ரேட்டர் கண்ணில் படும். மேலோட்டப் பட்டியலில் அது இருக்காது. கொடுத்தவுடன் வெளியே வந்து மறுபடி லாகின் செய்யுங்கள், சற்று நேரமும் கொடுங்கள். இந்தக் கணக்குக்குக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. மெயில் பெட்டி இல்லாத கணக்கும் அட்மினாக இருக்கலாம்.

"எதுக்குத் தம்பி சுத்தி வளைக்கணும், குளோபலே குடுத்துடுங்க" என்று ஒரு ஆலை முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். குளோபல் அட்மின் யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம், எந்தப் பெட்டிக்கும் தனக்கு வழி செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட கணக்குகள் ஐந்துக்குக் குறைவாக இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்டே சொல்லும் அறிவுரை. டொமைன் வேலைக்கு வருபவருக்கு டொமைன் பொறுப்பு போதும். பெயரைச் சேர்க்கலாம், உறுதி செய்யலாம், திருத்தலாம், நீக்கலாம். ஆட்களைச் சேர்க்கவோ பாஸ்வேர்டு மாற்றவோ முடியாது.

ஆனால் இதையும் சின்னப் பொறுப்பு என்று எண்ணி ஊரில் எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு டொமைனில் இருப்பவர்கள் எந்த வழியாக லாகின் செய்கிறார்கள் என்பதையே மாற்றும் அமைப்பு இதன் கையில் வருகிறது. அதனால் மைக்ரோசாஃப்ட் இதை எச்சரிக்கைக் குறியுள்ள பொறுப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது. வெளியாளுக்குக் கொடுத்தால், வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

உறுதி செய்ய முடியவில்லை என்று வருகிறது

டொமைனைச் சேர்த்ததும், அது உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு போடச் சொல்லும். பெரிய எழுத்தில் எம் எஸ், சமக்குறி, மறுபடி சின்ன எழுத்தில் எம் எஸ், பிறகு எண்கள் என்று அது இருக்கும். போட்டாகிவிட்டது, ஆனாலும் "ரெக்கார்டு கிடைக்கவில்லை" என்கிறது. இப்போது வரிசையாகப் பாருங்கள்.

ரெக்கார்டை எங்கே போட்டீர்கள்? பெயர் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கம் ஒன்று இருக்கும், அதில் போட அனுமதிக்கவும் செய்யும். ஆனால் நேம்சர்வர் வேறு நிறுவனத்தைக் காட்டினால் அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, என்எஸ்லுக்அப் கட்டளையில் வகை என்எஸ் என்று கொடுத்து (nslookup -type=ns) உங்கள் டொமைனைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லையென்றால் கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள டிக் பக்கத்தை ஃபோனிலேயே திறக்கலாம். எந்த நேம்சர்வர் பெயர் வருகிறதோ, அங்கேதான் ரெக்கார்டு போட வேண்டும்.

இடம் சரி என்றால் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். அதில் @ குறி மட்டும் வர வேண்டும், சில இடங்களில் காலியாக விட வேண்டும். முழு டொமைனையும் தட்டினால், பல டிஎன்எஸ் பக்கங்கள் தாமாகவே பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டிவிடும். உங்கள்பெயர் டாட் காம் டாட் உங்கள்பெயர் டாட் காம் என்று ஒரு விலாசம் உருவாகி, ரெக்கார்டு அங்கே போய் உட்கார்ந்துவிடும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். என்எஸ்லுக்அப்பில் வகை டெக்ஸ்ட் (txt) என்று கேட்டால்தான் வெளிச்சமாகும்.

இன்னொரு நுணுக்கம். ரெக்கார்டு போடுவதற்கு முன்னாலேயே ஆர்வத்தில் வெரிஃபை அழுத்திவிட்டால், "அப்படி ஒன்று இல்லை" என்ற பதிலையே நடுவில் உள்ள சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சரியாகப் போட்டாலும் பழைய பதிலே வரும். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். "48 மணி நேரம் ஆகும்" என்று எல்லோரும் சொல்வதை நம்பி இரண்டு நாள் சும்மா இருந்துவிடாதீர்கள். உங்கள் நேம்சர்வரை நேரடியாகக் கேட்டும் ரெக்கார்டு வரவில்லையென்றால், அது தாமதம் கிடையாது, தவறு. காத்திருந்தால் சரியாகாது.

இந்த டொமைன் ஏற்கெனவே வேறு இடத்தில் இருக்கிறது என்கிறது

பலரும் பயந்துபோகும் செய்தி இது. இரண்டு காரணம் உண்டு. உங்கள் ஊழியர் ஒருவர் எப்போதோ அலுவலக மெயிலைக் கொடுத்து பவர் பிஐ மாதிரி ஏதாவது ஒன்றில் தானாகவே பதிவு செய்திருப்பார். அப்போது அட்மின் இல்லாத ஒரு கணக்கு உங்கள் டொமைன் பெயரில் உருவாகியிருக்கும். இதைக் கையகப்படுத்த மைக்ரோசாஃப்டே வழி வைத்திருக்கிறது. அதே டெக்ஸ்ட் ரெக்கார்டு முறையில் உரிமையைக் காட்டினால் போதும்.

மற்றது, முன்பு வேலை செய்து கொடுத்தவர் தன் கணக்கில் உங்கள் டொமைனைச் சேர்த்திருப்பது. அங்கே உள்ள அட்மின்தான் நீக்க வேண்டும். சண்டை போடாமல் பேசி வாங்குங்கள். டிஎன்எஸ் உங்கள் கையில் இருக்கிறது என்பதே உங்கள் பலம். பேச்சுக்கு மசியவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவில் புகார் திறந்து, உரிமையைக் காட்டும் ரெக்கார்டைப் போடத் தயாராக இருங்கள்.

நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை

இந்த அறிகுறிக்கு நான் கேட்கும் முதல் கேள்வி: "வெப்சைட்டில் ஏதாவது மாத்துனீங்களா?"

தீபாவளிக்கு முன்னால் ஒரு பட்டுக் கடைக்குப் புது வெப்சைட் போட்டார்கள். போட்டுக் கொடுத்தவர் நல்ல எண்ணத்தில் நேம்சர்வரைத் தன் ஹோஸ்டிங்குக்கு மாற்றினார். வெப்சைட் பளிச்சென்று வந்தது. மெயில் ரெக்கார்டுகள் எல்லாம் பழைய நேம்சர்வரில் இருந்தவை, புதியதில் எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) ஒன்றுகூட இல்லை. காலையில் மாற்றியது, மதியம் வரை பழைய பதில் நினைவில் இருந்த சர்வர்களிடமிருந்து மெயில் வந்துகொண்டே இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம் பெங்களூர் மொத்த வியாபாரி ஃபோன் செய்து, அனுப்பியது திரும்பி வருகிறது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நேம்சர்வரை மாற்றும் முன் பழைய ரெக்கார்டுகள் அனைத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும். வெப்சைட்டுக்காக நேம்சர்வரையே மாற்ற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. வெப்சைட் எந்த சர்வரில் என்று சொல்லும் ஏ ரெக்கார்டு ஒன்றை மாற்றினால் வெப்சைட் புது இடத்துக்குப் போய்விடும், மெயில் அசையாது. இதை வெப்சைட் போடுபவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எம்எக்ஸ் இருக்கிறது, ஆனால் சில மெயில் வருகிறது சில வரவில்லை என்றால், பழைய சேவையின் எம்எக்ஸும் புதியதும் சேர்ந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டுக்கு ஒரே எம்எக்ஸ்தான். பெரும்பாலும் டொமைன் பெயரில் புள்ளிக்குப் பதில் கோடு போட்டு, பின்னால் மெயில் புரொடெக்ஷன் அவுட்லுக் டாட் காம் என்று முடியும். ஸோஹோவின் இந்தியக் கணக்கில் 10, 20, 50 என்று வரிசை எண்ணோடு மூன்று இருக்கும். கூகுளில் பழைய கணக்குகளுக்கு ஐந்து, 2023-க்குப் பிறகு ஒன்று. பழைய ஐந்தும் இன்றும் வேலை செய்கின்றன, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆனால் இரண்டு நிறுவனங்களின் எம்எக்ஸைக் கலந்து வைத்தால் கடிதம் யார் வீட்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றத்துக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். சம்பா அறுவடையும் கொள்முதலும் நடக்கும் தை, மாசியில் அரிசி ஆலையின் எம்எக்ஸில் கை வைக்காதீர்கள். அமைதியான வாரம் பார்த்து, முந்தின நாளே அந்த ரெக்கார்டின் டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அதை எத்தனை வினாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண்ணை) 3600-லிருந்து 300-க்குக் குறைத்துவிடுங்கள். தவறினாலும் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரலாம்.

எல்லா மெயிலும் வருகிறது, வெப்சைட் படிவத்திலிருந்து மட்டும் வரவில்லை

இது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங்கில் உங்கள் டொமைனுக்கு முன்பு மெயில் பெட்டி இருந்திருக்கும். அந்த சர்வர் "இந்த டொமைன் என்னுடையது" என்று எண்ணி, படிவத்து மெயிலைத் தன் பழைய பெட்டியிலேயே போட்டுக்கொள்கிறது. வெளியே எம்எக்ஸைத் தேடுவதே இல்லை. ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் இமெயில் ரூட்டிங் போய், லோக்கல் என்பதை ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர் என்று மாற்றுங்கள். அப்புறம் அந்தப் பழைய பெட்டியையும் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர்களின் விசாரணைகள் மாதக் கணக்கில் படிக்காமல் கிடக்கலாம்.

நாம் அனுப்புவது ஸ்பேமுக்குப் போகிறது, அல்லது 5.7.26 என்று திரும்பி வருகிறது

ஜிமெயில் 5.7.26 என்று திருப்பினால், அனுப்பியவர் யார் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்று பொருள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. எல்லோருக்கும் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (ஒவ்வொரு மெயிலிலும் பதியும் டிஜிட்டல் கையெழுத்து) ஒன்றாவது வேண்டும். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இவை இரண்டோடு டிமார்க்கும் (இந்தச் சோதனையில் தோற்கும் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) வேண்டும். சின்னக் கடைதானே என்று விடாதீர்கள், மூன்றையும் போட்டுவிடுங்கள்.

எஸ்பிஎஃப்பில் அதிகம் பார்ப்பது, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு இருப்பது. மைக்ரோசாஃப்டுக்கு ஒன்று, பில் அனுப்பும் சாஃப்ட்வேருக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். விதிப்படி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டிலும் உள்ள இன்க்ளூட் பகுதிகளை ஒரே வரியில் சேர்த்து, கடைசியில் ஆல் என்பதை ஒரு முறை மட்டும் வையுங்கள். இன்க்ளூட் பெருகினாலும் ஆபத்து. மொத்த டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் எஸ்பிஎஃப் தோற்றுவிடும். விட்டுப்போன பழைய சேவைகளை வரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிகிம் போடும்போது டொமைன் அட்மின் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார். இரண்டு சிநேம் ரெக்கார்டுகளை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடுபவை) டிஎன்எஸ்ஸில் போடுவது வரை அவரால் முடியும். அதன் பிறகு டிகிம்மை இயக்கும் பொத்தான் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பக்கமான டிஃபெண்டர் போர்ட்டலில் இருக்கிறது. அதற்கு செக்யூரிட்டி அட்மின் அல்லது குளோபல் அட்மின் வேண்டும். "எனக்குப் பொறுப்பு இருக்கே, ஏன் அழுத்த முடியல?" என்று மல்லுக்கட்டாமல் அவர்களைக் கூப்பிட்டு அந்த ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். இதற்காகவும் குளோபல் கேட்காதீர்கள்.

டிமார்க்கை எடுத்தவுடனே ரிஜெக்ட் என்று வைக்க வேண்டாம். முதலில் நன் (none, எதையும் தடுக்காதே) என்று வைத்து, அறிக்கைகள் எந்தப் பெட்டிக்கு வர வேண்டும் என்றும் எழுதுங்கள். உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று சில வாரம் பாருங்கள். கணக்குப்பிள்ளை பயன்படுத்தும் பில் சாஃப்ட்வேர், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை எல்லாம் அதில்தான் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்த பிறகு இறுக்குங்கள்.

டொமைன் பட்டியலில் எச்சரிக்கை, ஆனால் மெயில் நன்றாக ஓடுகிறது

"பாசிபிள் சர்வீஸ் இஷ்யூஸ்" என்று வந்தால், எதிர்பார்த்த ரெக்கார்டுகளில் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேம் வடிகட்ட வேறு சேவையை முன்னால் வைத்திருந்தால் எம்எக்ஸ் வேறாகத்தான் இருக்கும், அது சரியே. ஆட்டோடிஸ்கவர் சிநேம் இல்லாததால் வந்தால் போட்டுவிடுங்கள், அவுட்லுக்கில் புதுக் கணக்கு சேர்க்க அது உதவும். எச்சரிக்கையை மறைப்பதற்காக மட்டும் ஓடுகிற எம்எக்ஸை மாற்றாதீர்கள்.

டொமைனை நீக்க முடியவில்லை

யாராவது ஒருவருடைய முகவரியிலோ குழுவிலோ அது ஒட்டிக்கொண்டிருக்கும். கூடுதல் முகவரிகளையும் பகிர்ந்த பெட்டிகளையும் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். அதுவே இயல்பு (டீஃபால்ட்) டொமைனாக இருந்தால் முதலில் வேறொன்றை இயல்பாக்குங்கள். ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்று முடியும் முதல் பெயரை நீக்கவே முடியாது.

வெப்சைட், மெயில் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விட்டன

இது மெயில் சேவையின் கோளாறாக இருக்காது. நேராக ரிஜிஸ்ட்ராரைப் பாருங்கள். ஹூயிஸ் தேடலில் காலாவதித் தேதியையும் நிலையையும் படியுங்கள். "கிளையண்ட் ஹோல்டு" என்று இருந்தால் பெயரையே நிறுத்திவைத்திருக்கிறார்கள். காசு கட்டாததால் இருக்கலாம். டாட் காம் போன்ற பெயர்களில், வாங்கியபோதோ தொடர்பு விவரத்தை மாற்றியபோதோ வந்த உறுதி மெயிலை 15 நாளுக்குள் அழுத்தாததாலும் நிறுத்துவார்கள்.

அந்த மெயில் ஏன் கண்ணில் படவில்லை? ரிஜிஸ்ட்ராரில் கொடுத்த தொடர்பு முகவரி, வேலையை விட்டுப் போனவருடையதாக இருக்கும். அல்லது அதே டொமைனில் இருக்கும். பெயர் நின்றால் அந்த முகவரியும் நிற்கும், ஓடிபி வராது, லாகின் செய்ய முடியாது. ஆகவே ரிஜிஸ்ட்ராரின் தொடர்பு முகவரி உங்கள் டொமைனுக்கு வெளியே, முதலாளியின் சொந்த ஜிமெயில் மாதிரி ஒன்றாக இருக்கட்டும். பெயரும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும், வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் பெயரில் வேண்டாம். டாட் காம் பெயர் அழிக்கப்பட்டுவிட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் கூடும், ஆனால் பெயர் திரும்பும். அந்த 30 நாளைத் தவறவிட்டால், சில நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

அட்மினாக உள்ளே போக யாருமே இல்லை

ஒரே ஒரு குளோபல் அட்மின், அவருடைய ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அல்லது அவர் வெளிநாடு போய்விட்டார். டொமைன் அட்மினால் இன்னொருவருக்குப் பொறுப்பு கொடுக்க முடியாது, பாஸ்வேர்டையும் மாற்ற முடியாது. அப்போது மிஞ்சும் வழி, உதவிப் பிரிவை ஃபோனில் பிடித்து, நிறுவனம் உங்களுடையதுதான் என்று காட்டுவது. கூகுளிலும் டிஎன்எஸ்ஸில் ரெக்கார்டு போட்டு உரிமையைக் காட்டும் வழி இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நாட்கள் பிடிக்கும்.

இந்த நிலை வராமலிருக்க இரண்டாவது குளோபல் அட்மின் கணக்கு ஒன்று வேண்டும். அதை உங்கள் டொமைனில் வைக்காமல் ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம் முகவரியிலேயே வையுங்கள். டொமைன் நின்றாலும் அது நிற்காது. அன்றாட வேலைக்கு அதைத் தொடக் கூடாது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, செக்யூரிட்டி கீ ஒன்றையும் சேர்த்துக் கடையின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். இரண்டு அட்மின்களும் ஒரே தெருவில் இருக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் கரண்டும் ஃபோன் டவரும் இல்லாமல் கிடந்தன. அப்படி ஒரு வாரத்தில் ஓடிபி வர வேண்டிய இரண்டு ஃபோனும் இங்கேயே அணைந்து கிடந்தால் உள்ளே போக ஆளில்லை. ஒருவர் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டாவது கணக்கில் லாகின் செய்து பார்த்து, தேதியை அதே காகிதத்தில் குறித்துவையுங்கள்.